மூன்று கப்பல் கதையும் எங்கட அரபு இரத்தமும்

கி.பி. 410இல் ரோம் நகரத்தைச் சூறையாடிய அலரிக்கை எல்லாருக்கும் ஒரு காட்டுமிராண்டியாகத்தான் தெரியும். தோல் உடுப்பு, தாடி, கையில கோடரி. ஆனா அந்த ஆள் அதுக்கு முன்னால ரோமப் படையோட சேர்ந்து சண்டை பிடித்தவர். ரோமை முற்றுகையிட்டுக்கொண்டு அவர் கேட்டதும் பெரிய அதிசயமான விஷயங்கள் இல்லை. தன்ட ஆக்கள் குடியிருக்கக் காணி, வருஷா வருஷம் தானியம், தனக்கு ஒரு படைத் தளபதிப் பதவி. பேரம் இழுபட்டபோது கேட்டதைக் குறைத்தும் பார்த்தார். பேரரசர் ஹொனோரியஸ் ரவென்னாவில பத்திரமா இருந்துகொண்டு ஏலாது என்றார். அதுக்குப் பிறகுதான் ரோம் எரிந்தது.

நான் இதை எழுத வந்தது ரோமுக்காக இல்லை. "ஒங்கட ஆக்கள் எப்ப வந்த?" என்று எங்களிடம் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்காக. மடவளை, அக்குறணை, கலகெதர, கம்பளை என்று கண்டியைச் சுத்தி இருக்கிற எந்த முஸ்லிம் ஊரில பிறந்தாலும் இந்தக் கேள்வியில இருந்து தப்ப முடியாது. சில நேரம் நல்ல மனசோட கேட்பாங்க. சில நேரம் ஃபேஸ்புக்கில "சவூதிக்குப் போ" என்று முடியும். 2018 மார்ச்சில திகனையிலும் தெல்தெனியவிலும் கடையும் வீடும் பள்ளியும் எரிந்தபோது, எரித்தவர்களின் தலைக்குள்ள இருந்ததும் இதே கேள்விதான்: இவங்க வந்தவங்கதானே.

என்ட கோபம் கேட்கிறவங்க மேல மட்டும் இல்லை. நாங்கள் சொல்ற பதில் மேலயும் இருக்கு.

முதல்ல வந்தவர்களை ஏற்ற கதையைப் பாருங்க. 376இல் ஹூணர்களுக்குப் பயந்து கோத் மக்களில் பெரிய கூட்டம் ஒன்று டான்யூப் ஆற்றங்கரையில் வந்து நின்றது. பெண்கள், பிள்ளைகள், வண்டிகள், எல்லாத்தோடயும். பேரரசர் வேலன்ஸ் அனுமதி கொடுத்தார். அவருக்கும் இலாபம் இருந்தது: படைக்கு ஆள் வேணும், தரிசு நிலத்தில் பயிர் வைக்க ஆள் வேணும். ஆனா ஆற்றைக் கடந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கப் பொறுப்பாக இருந்த லூப்பிசினஸ் போன்ற அதிகாரிகள் அந்தச் சாப்பாட்டை வைத்தே வியாபாரம் செய்தார்கள். பசி தாங்காத கோத் மக்களுக்கு நாய் இறைச்சியைக் கொடுத்து, ஒரு நாய்க்கு ஒரு ஆள் என்று அவர்களை அடிமைகளாக வாங்கினார்கள், தலைவர்களின் பிள்ளைகள் உட்பட. இதை எழுதி வைத்தவர் கோத் ஆள் இல்லை. அம்மியானஸ் மார்செலினஸ் என்ற ரோமப் படை அதிகாரி. இரண்டே வருஷத்தில், 378 ஓகஸ்ட் 9ஆம் திகதி, இன்றைய துருக்கியின் எதிர்னே நகரத்துக்குப் பக்கத்தில் அந்த அகதிகள் ரோமப் படையைத் துடைத்தெறிந்தார்கள். வேலன்ஸும் அங்கேயே செத்தார். அலரிக் வளர்ந்தது இந்தச் சனத்துக்குள்ளதான்.

இப்ப 1626க்கு வருவோம். தங்கட ஆட்சிக்குள் இருந்த முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் மட்டும் குடியேற்றியதாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதியிருக்கிறார். மலைநாட்டுக் கிராமங்களுக்கும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். செனரத் என்ன தர்மவானா? அவனுக்கும் கணக்கு இருந்தது. கடற்கரை போர்த்துக்கேயரின் கையில். மலைக்குள்ள இருக்கிற இராச்சியத்துக்கு உப்பு வேணும், கருவாடு வேணும், புடவை வேணும். பாக்கை வெளியில கொண்டுபோய் விற்க வேணும். கிழக்குக் கரையைக் காக்கவும் ஆள் வேணும். வேலன்ஸுக்கு இருந்த அதே தேவைதான் செனரத்துக்கும். ஒருத்தர் வந்தவங்களைப் பட்டினி போட்டு எதிரியாக்கினார், மற்றவர் காணி கொடுத்துக் குடியாக்கினார். இதில வந்தவங்கட இரத்தத்துக்கு என்ன பங்கு இருக்கு?

எங்கட பகுதியில "மடிகே" என்று முடியிற ஊர்ப் பெயர்களைக் கவனித்திருப்பீங்க. மடவளைக்குப் பக்கத்திலேயே உடத்தலவின்ன மடிகே இருக்கு. மடிகே பத்த என்பது கண்டி இராச்சியத்தின் போக்குவரத்துத் திணைக்களம். தவளம் என்ற பொதி மாட்டுக் கூட்டங்களை ஓட்டி, கரையில இருந்து உப்பும் கருவாடும் கொண்டு வந்து, இங்கிருந்து பாக்கும் மிளகும் கொண்டுபோன ஆக்கள் அதில வேலை செய்தாங்க. பெரும்பாலும் முஸ்லிம்கள். அந்த இராசகாரிய சேவைக்குப் பதிலாகக் கிடைத்ததுதான் காணி. பெஹெத்கே என்ற அரச மருந்துச் சாலையில் கோபால வைத்தியக் குடும்பத்து முஸ்லிம்கள் சேவை செய்தார்கள். கண்டியில 19 வருஷம் சிறை இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், கண்டி நகரத்தில் இருந்த முஸ்லிம்களின் வணக்கத்தலத்துக்குக் காணிக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பொன்னம் கொடுக்க வேணும் என்று பழைய அரசன் ஒருவன் சலுகை வழங்கியிருந்ததைச் சொல்றார். சிங்களக் குடியானவன் பள்ளிக்கு வரி கட்டிய இராச்சியம் இது. இதை இன்றைக்கு எந்த மேடையில சொன்னாலும் கல்லெறி விழும்.

இவ்வளவு கையில இருக்கும்போது நாங்கள் என்ன செய்றோம்? எங்கட பகுதிகளில் வெளிவாற ஊர் வரலாற்று மலர் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்க. முதல் அத்தியாயம் ஆதம் மலை. இரண்டாவது அரபு வணிகர். தவளத்துக்கு அரைப் பக்கம் கிடைத்தால் பெரிய விஷயம். மாட்டுப் பின்னால நடந்த மூதாதை எங்களுக்கு வெட்கம். கப்பல்ல வந்த மூதாதைதான் வேணும்.

இந்த வெட்கம் உலகத்தில எங்களுக்கு மட்டும் உரியதில்லை. 6ஆம் நூற்றாண்டில் ஜோர்டானெஸ் என்பவர் கோத் மக்களின் வரலாற்றை எழுதினார். ஸ்கான்சா என்ற வடக்குத் தீவில் இருந்து மூன்று கப்பலில் அவர்கள் வந்தார்களாம். அதே நூற்றாண்டில் பிரித்தானியாவில் கில்டாஸ் என்ற துறவி சக்சன்கள் வந்த கதையை எழுதினார். அதுவும் மூன்று கப்பல். அக்குறணையில வழங்குற கதையில இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில மூன்று அரபிகள் வந்து இங்கேயே கலியாணம் முடித்தார்கள். கதை சொல்றவங்களுக்கு மூன்று என்ற எண்ணில அப்பிடி என்ன பிரியமோ தெரியாது. விஜயனுக்கு மட்டும் எழுநூறு பேர்.

பிராங்குகள் இதைவிட ஒரு படி மேல. ரைன் ஆற்றங்கரையில இருந்து வந்து, இன்றைக்குப் பிரான்ஸ் என்று சொல்ற நாட்டுக்குத் தங்கட பெயரையே கொடுத்தவங்க. 7ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பிராங்கு வரலாறு ஒன்றின்படி அவர்கள் ட்ரோய் நகரத்து இளவரசர் வழித்தோன்றல்கள். ஏன் ட்ரோய்? ரோமர்கள் தாங்கள் ட்ரோயில இருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டதால. புதுசா வந்தவன் பழைய பணக்காரனுக்குச் சொந்தக்காரனாகப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

1827இல் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் எழுதியதில் எங்கட ட்ரோய் இருக்கு. இலங்கையின் முதல் முஸ்லிம்கள் ஹாஷிம் குடும்பத்தார், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா அப்துல் மலிக்கின் கொடுமை தாங்காமல் வந்து திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி என்று எட்டு இடங்களில் குடியேறினார்கள் என்ற கதை. இங்கிருந்த முஸ்லிம்கள் அவரிடம் சொன்னதைத்தான் அவர் எழுதினார். இன்று வரை மேடைக்கு மேடை அதையே ஆராய்ச்சி முடிவு மாதிரி ஒப்புவிக்கிறோம்.

1888 ஏப்ரலில் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசிய சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம் என்பது சாரம். அந்தக் காலத்தில் சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேணுமா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷமே எம்.சி. அப்துல் ரஹ்மான் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இராமநாதனுக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூலாகவே மறுப்பு எழுதினார்: நாங்கள் அரபு வழி, மொழி மட்டும்தான் தமிழ். நூறு வருஷத்துக்கு மேலாக எங்கட ஆக்கள் இந்தச் சண்டையில அஸீஸ் வென்றாரா இராமநாதன் வென்றாரா என்று கதைக்கிறார்கள். என்னைக் கேட்டா இரண்டு பேரும் ஒரே மேசையில இருந்து ஒரே சீட்டுக்கட்டில விளையாடினாங்க. இரத்தம் எது என்று தீர்மானித்தா ஆசனம் யாருக்கு என்று தீர்மானிக்கலாம் என்பது அந்த விளையாட்டின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் வெள்ளைக்காரன்.

சரி, அரபு வணிகர் வந்தாங்க, உண்மை. கப்பல்ல வந்தது ஆம்பிளைகள். அவங்க கலியாணம் முடித்தது ஆரை? எங்கட உம்மும்மாக்களின் உம்மும்மாக்கள் தமிழ் பேசினாங்க, சிங்களம் பேசினாங்க, மலையாளம் பேசினாங்க. வாப்பா வழியை மட்டும் எண்ணிக்கொண்டு போய் மக்காவில முடிக்கிற வம்ச வரலாற்றில அந்தப் பொம்பிளைகளுக்குப் பெயரே இல்லை. வீட்டில நாங்கள் பேசுற மொழியைத் தந்தது அவங்க. உம்மாவை அழித்துத்தான் அரபியாக வேணும் என்றால், அந்த மரியாதை எனக்கு வேணாம்.

எங்கட பெயரையே பாருங்க. சோனகர் என்ற சொல் யவனரில இருந்து வருது. யவனர் என்றால் முதலில் கிரேக்கர், பிறகு மேற்கே இருந்து வந்த யாரும். மூர் என்பது போர்த்துக்கேயர் வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்கு வைத்த பெயர், அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கட தலையில போட்டாங்க. ஆக ஒரு பெயரில் நாங்கள் கிரேக்கர், இன்னொன்றில் மொரோக்கர். இங்கிலாந்தின் மேற்கில் வேல்ஸ் இருக்குதானே. அந்த மக்கள்தான் அந்தத் தீவின் பழைய குடிகள். பிறகு வந்த ஆங்கிலோ-சக்சன்கள் தங்கட மொழியில் அவர்களுக்கு வைத்த பெயர்தான் "வெல்ஷ்". அர்த்தம்: அந்நியன். வந்தவன் இருந்தவனுக்கு அந்நியன் என்று பெயர் வைத்தான், அதுவே நிலைத்துவிட்டது. பெயரை வைத்து யார் முதல், யார் பிந்தி என்று தீர்ப்புச் சொல்ற ஆக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

"அப்போ குடிபெயர்வே நடக்கலையா, எல்லாம் கதைதானா?" என்று கேட்பீங்க. இல்லை. நடந்தது, பெரிய அளவில நடந்தது. சில காலம் ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் சிலர், கொஞ்சப் பேர்தான் வந்தாங்க, மிச்சமெல்லாம் நாகரிக மாற்றம் என்று சொல்லிப் பார்த்தார்கள். 2022இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு அதைக் குலுக்கிவிட்டது. இங்கிலாந்தின் கிழக்கிலும் தெற்கிலும் அந்தக் காலத்துப் புதைகுழிகளில் இருந்தவர்களின் மூதாதை வழியில் சராசரியாகச் சுமார் 76 வீதம் வட கடலுக்கு அப்பால் இருந்து வந்தது. பெண்களும் வந்திருக்கிறார்கள். ஆனா அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கு: அதே மயானங்களில், அதே மாதிரியான பொருட்களோட, உள்ளூர் வழி ஆக்களும் கலப்பு ஆக்களும் அடக்கப்பட்டிருக்கிறார்கள். வந்தவன் தனிக் குழி, இருந்தவன் தனிக் குழி என்று பிரிக்கவில்லை. சக்சன் என்பது படகில் ஏறி வந்த ஒரு ஆயத்த இனம் இல்லை. இறங்கின பிறகு, கலந்த பிறகு, இரண்டு மூன்று தலைமுறையில உருவான பெயர். கண்டிச் சோனகரும் அப்பிடித்தான். சிங்களவரும் அப்பிடித்தான்.

இந்த இடத்தில சிங்கள நண்பர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கு. ஐரோப்பாவில் அந்தக் குடிபெயர்வுக்கே இரண்டு பெயர். ஜெர்மன்காரன் "மக்களின் இடப்பெயர்வு" என்பான். இத்தாலியிலும் பிரான்ஸிலும் "காட்டுமிராண்டிப் படையெடுப்பு" என்று எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் அந்த இடப்பெயர்வை ஒரு சுத்தமான இனத்தின் வீர யாத்திரையாக மாற்றினார்கள். கொசின்னா என்ற தொல்லியலாளர் மண்ணுக்குள்ள கிடைக்கிற பானையும் ஊசியும் எங்கே எங்கே இருக்கோ அங்கெல்லாம் ஒரே இனம் இருந்தது என்று படம் வரைந்தார். நாசிகளுக்கு அது அல்வா மாதிரி. 1943இல் ஹிம்லர், ஜெர்மானியரைப் பற்றி ரோமரான டாசிடஸ் எழுதிய நூலின் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றைத் தேடி இத்தாலியில ஒரு மாளிகைக்குள்ள ஆள் அனுப்பினான். பிரதி கிடைக்கவில்லை.

அதே காலத்து ஐரோப்பிய மொழியியலில இருந்துதான் "ஆரிய சிங்களம்" என்ற கருத்தும் பலம் பெற்றது. 1860களில் ஜேம்ஸ் டி அல்விஸ் சிங்களம் ஆரிய மொழி என்று வாதிட்டார். மொழி என்ற அளவில் அது சரி. பிறகு அநகாரிக தர்மபாலவின் கையில் ஆரிய மொழி ஆரிய இரத்தமானது, முஸ்லிம் வியாபாரி அந்நியனானான். 1915 மே 28 இரவு கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளியடியில தொடங்கின கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. மொழியை இரத்தமாக்குவது அபத்தம் என்று மாக்ஸ் முல்லரே 1888இல் எழுதிவிட்டார். ஆரியம் பேசினவங்க அவரை வாசித்ததில் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டவில்லை போல.

கண்டியைக் கட்டிக் காத்தவங்க யார் என்று பார்த்தாலும் கதை இப்பிடித்தான். 1739இல் இருந்து 1815 வரை ஆண்டது நாயக்கர் வம்சம், மதுரைப் பக்கத்து உறவு. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில்தான், 1753இல், சீயத்தில் இருந்து பிக்குகளை வரவழைத்து இலங்கையில் உபசம்பதாவை மீட்டெடுத்தார்கள். அந்த மன்னன் நெற்றியில திருநீறு பூசுகிறான் என்று குறைப்பட்டு 1760இல் அவனைக் கொல்லச் சதி செய்தவர்களும் இருந்தார்கள். இத்தாலியில் 493இல் இருந்து ஆண்ட கோத் மன்னன் தியோடெரிக்கும் இதே மாதிரி. ரோமர்களின் மதப் பிரிவும் அவனுடையதும் வேறு. ஆனா பழுதான ரோமக் கட்டடங்களையும் நீர்க்கால்வாய்களையும் திருத்தியது அவன்தான். 1815 உடன்படிக்கையில் என்ன எழுதினார்கள்? கடைசி மன்னனின் ஆண் உறவினர் எவரும் கண்டி மாகாணங்களுக்குள் நுழையக் கூடாது. "உங்கட ஊருக்குப் போ" என்பது சட்டமாகவே எழுதப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சியேஸ் என்பவரும், நாங்கள் பிராங்கு வழி என்று பெருமை பேசின பிரபுக்களை அவங்கட ஜெர்மன் காட்டுக்கே அனுப்பலாமே என்று எழுதினார். அவர் கேட்டது பகிடியாக, மேல இருந்தவங்களைப் பார்த்து. இங்க கேட்கிறது கீழ இருக்கிறவங்களைப் பார்த்து.

கீழ இருக்கிறவங்க என்று சொல்லும்போது எங்களை மட்டும் நினைக்காதீங்க. எங்களுக்கும் கீழ நாங்கள் ஒருத்தரை வைத்திருக்கிறோம்.

கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்ட 1820களுக்குப் பிறகு, தமிழ்நாட்டில் இருந்து மன்னார்க் கரையில இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த சனம். பாதி வழியில காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவங்க ஏராளம். இருநூறு வருஷம் ஆகப்போகுது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வாப்பா இலங்கையில பிறந்ததை, இல்லாட்டி வாப்பாவின் வாப்பாவும் அவருடைய வாப்பாவும் இங்க பிறந்ததை நிரூபிக்க வேணும். லயத்துக் காம்பிராவில பிறந்த ஆளிடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? பல இலட்சம் பேர் ஒரே சட்டத்தில நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கு போட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. மிச்சமிருந்தவங்கட பிரச்சினை சட்டத்தில் தீர 2003 வரை போனது.

"நீ எப்ப வந்த" என்ற கேள்வி கையில அதிகாரத்தோட இருந்தால் என்ன செய்யும் என்பதுக்கு இதைவிட ஆதாரம் வேணுமா? சவூதிக்குப் போ என்றால் எங்களுக்கு நெஞ்சு கொதிக்குது. ஆனா பஸார்க் கடையில நிற்கிற எங்கட ஆளே "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைப் பெயர் மாதிரிப் பாவிக்கிறான். கேட்டால் "நாங்க ஆயிரம் வருஷம், அவங்க நேத்து வந்தவங்க" என்பான். அச்சொட்டாக அதே வாதம், ஒரு படி கீழே இறக்கி. கரையோரச் சோனகரை "சம்மான்காரன்" என்று தள்ளி வைத்ததும் நாங்கள்தான். 1915இல் முதல் அடி விழுந்தது அவங்கட பள்ளிக்கு. கல்லெறிந்தவன் இலங்கைச் சோனகனா இந்தியச் சோனகனா என்று வீடு வீடாகக் கேட்டுவிட்டு எறியவில்லை.

அதனால ஊர் மலர் எழுதப்போற ஆக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆதம் மலையையும் ஹாஷிம் குடும்பத்தையும் பின்னிணைப்புக்கு அனுப்புங்க. முதல் அத்தியாயத்தில தவளத்தைப் போடுங்க: எந்தப் பாதையால போனாங்க, என்ன ஏத்தினாங்க, எந்தக் காணி எந்தச் சேவைக்குக் கிடைத்தது. பழைய காணி உறுதிகள் இன்னும் சில வீட்டு அலுமாரிகளில இருக்கு. சிங்களத்தில எழுதினது, "கே" பெயரோட. கறையான் தின்ன முதல் ஃபோனிலயாவது படம் பிடிங்க. உம்மும்மாக்கள் எந்த ஊரில இருந்து கலியாணம் முடித்து வந்தாங்க என்று கேட்டு எழுதுங்க, அதைச் சொல்லக்கூடிய ஆக்கள் இன்னும் கொஞ்சப் பேர்தான் உயிரோட இருக்கிறாங்க. கடைசி அத்தியாயம் ஒன்று எங்களுக்குப் பிறகு வந்தவங்களுக்கு: கடையில மூட்டை தூக்குறவங்க, தோட்டத்தில இருந்து இறங்கி வந்து எங்கட வீடுகளில வேலை செய்றவங்க. அவங்கட பெயரை முழுசாகப் போடுங்க, தகப்பன் பெயரோட.